பெடல் கயாக், சிங்கிள் ஓனர், நல்ல கண்டிஷன்

வந்துகொண்டே இருக்கிறாளாம். ஒன்பதரைக்கும் அதைத்தான் சொன்னாள், பத்தேகாலுக்கும் அதைத்தான் சொன்னாள், இப்போது பத்தேமுக்கால், இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறாள். இந்த ஊரில் யாருமே எங்கேயும் வந்து சேருவதில்லை, எல்லோரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் ஒருத்தன்தான் ஏழரைக்கே கோவளத்துக்கு வந்து, மீன்பிடிக்கிற எட்டியப்பனின் வலைக் கொட்டகைக்குள்ளிருந்து இந்தச் சனியனை வெளியே இழுத்துப் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, துடைத்து, காய்ந்ததும் கார் டேஷ்போர்டுக்குத் தடவுகிற பாலிஷை எடுத்துத் தடவி, இதோ, பன்னிரண்டடி நீள மஞ்சள் பிளாஸ்டிக், ஒரே ஆள் உட்காருகிற படகு, வெயிலில் புதுசு மாதிரி மினுங்குகிறது, பார்த்தால் கண் கூசுகிறது. பாலிஷ் போடுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியும். இருபத்தேழு வருஷமாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற சர்வேயர் வேலை. சபேசன் சார் வந்து குனிந்து பார்த்தால் போதும், பெயின்டுக்கு அடியில் பட்டி இருக்கிறதா, டயருக்கு மை பூசியிருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். பளபளப்பாக இருக்கிற வண்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று நானே புதுப் பையன்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தச் சபேசன்தான் இப்போது ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கையில் பாலிஷ் துணியோடு, இதை வாங்க வருகிறேன் என்ற, முன்பின் பார்க்காத ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கிறேன். கையெல்லாம் எலுமிச்சை வாசனை. போதாததற்குக் கொட்டகைக்குள்ளிருந்து கருவாட்டு வாசனை.

விளம்பரம் போட்டு மூன்று மாசம். பெடல் கயாக், சிங்கிள் ஓனர், நல்ல கண்டிஷன், சமீபத்தில் சர்வீஸ் செய்தது, ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இதைத் தமிழிலும் போட்டேன் இங்கிலீஷிலும் போட்டேன். வந்த விசாரிப்பெல்லாம் எந்த மொழியிலும் சேராது. காலை ஆறு மணிக்கு ஒருத்தன், லாஸ்ட் பிரைஸ் என்று இரண்டே வார்த்தை. வணக்கம் இல்லை, பேர் இல்லை, பொருள் என்ன என்றுகூடத் தெரியுமோ என்னவோ. இன்னொருத்தன் புல்லட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றான். போட்டோவில் கயாக் என் கார் கூரையின்மேல் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு ஒரு பல்லாவரத்துக்காரர், காரும் சேர்த்தா சார் ஒன்னு பத்து என்று கேட்டார், இல்லை என்றதும் ஏமாற்றிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார். கல்யாண மண்டபக்காரர் ஒருவர், ரிசப்ஷனுக்கு இதில் ஐஸைக் கொட்டி ஜூஸ் பாட்டில் அடுக்கலாம் என்றும் நாள் வாடகை எவ்வளவு என்றும் கேட்டார். அவர்தான் இருப்பதிலேயே நியாயமான மனுஷர் என்று இப்போது தோன்றுகிறது. வருகிறேன் என்றவர்கள் ஒன்பது பேர், வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக்கா சார் என்றார். பிளாஸ்டிக்தான். தங்கத்தில் செய்தால் முழுகிவிடும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இன்னொருவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார், உட்கார்ந்தார், பெடலைச் சுற்றினார், எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஏன் சார் விக்கிறீங்க என்றார். முட்டி வலி என்றேன். முட்டி வலிக்கு இது நல்லதாச்சே சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாங்கும்போது என் மனைவி பிரமிளாவிடம் நானும் அதைத்தான் சொன்னேன், முட்டிக்கு நல்லது என்று. அதற்கு முன்னால் கணக்குச் சொன்னேன். அவள் பள்ளிக்கூட வாத்தியார், கணக்குச் சரியாக இருந்தால் ஒத்துக்கொள்கிற ஜாதி. சாப்பாட்டு மேஜையில் அவள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள், நான் எதிரில் உட்கார்ந்து, விலை இரண்டு லட்சத்து முப்பத்தைந்து, அதைப் பார்க்காதே, கார் என்றால் அஞ்சு வருஷத்தில் பாதி விலை போய்விடும், அது இரும்பு, இது துருப்பிடிக்காத பிளாஸ்டிக், பெட்ரோல் கிடையாது, ரோடு டாக்ஸ் கிடையாது, முப்பது சதவீதத்துக்கு மேல் இறங்கவே இறங்காது, அஞ்சு வருஷம் கழித்து விற்றால் செலவு எழுபதாயிரம், வருஷத்துக்குப் பதினாலாயிரம், உங்க ஸ்கூல் யோகா கிளாஸைவிடச் சல்லிசு என்றேன். தேய்மானம் எனக்குத் தெரியாதா, என் தொழிலே தேய்மானம். அவள் சிவப்புப் பேனாவை மூடாமல் நிமிர்ந்து, வச்சுக்கறது எங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு. பன்னிரண்டடியை லிஃப்டில் ஏற்ற முடியாது என்பது எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தோன்றவே இல்லை. எட்டியப்பன் கொட்டகை அப்படி வந்ததுதான். மாசம் ஆயிரத்து இருநூறு. கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு தொகை, அறுபது மாசத்துக்கு எழுபத்திரண்டாயிரம், பிரமிளாவிடம் மொத்தச் செலவு என்று சொன்ன தொகை மொத்தமும் கொட்டகைக்கே போய்விட்டது. கூரைமேல் ஏற்றுகிற கம்பிகள் தனி. மணலில் உருட்டிப் போகிற சக்கர வண்டி தனி, அந்தச் சக்கரம் ஒரே மழைக்காலத்தில் உப்பில் பூத்துப் போய் மறுபடியும் தனி. சீட்டு வலை கிழிந்தது. வெயிலில் ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்ததில் அடிப்பாகம் குழிந்து, வெந்நீர் ஊற்றி ஊற்றி நிமிர்த்தியும் லேசாக வளைந்தே நிற்கிறது, இப்போதும் கையை வைத்தால் தெரியும், அவள் கையை வைக்காமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் நடுவில் இருக்கிற இந்த டிரைவ். கயாக்கின் நடுவில் ஒரு ஓட்டை, அதற்குள் இறங்குகிற ஒரு பெட்டி, மேலே சைக்கிள் மாதிரி இரண்டு பெடல், கீழே தண்ணீருக்குள் விசிறி. காலால் மிதித்தால் போகும், கை சும்மா இருக்கும், தூண்டில் போடலாம், இதுதான் இதன் மகிமை, இதற்குத்தான் சாதாரணக் கயாக்கைவிட நாலு மடங்கு விலை. அந்தப் பெட்டிக்குள் ஒரு வாஷர் போனால்கூட இந்தியாவில் கிடையாது. எழுபது நாள் காத்திருந்து, சுங்கவரி கட்டி, நானூறு ரூபாய் ரப்பர் வளையத்தை மூவாயிரத்துக்கு வாங்கினேன். வாங்கின அன்று அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பாவம், கையெழுத்துப் போடுங்க சார் என்றார்.

இந்த அஞ்சு வருஷத்தில் தண்ணீரில் இறங்கினது அம்பத்து மூணு தடவை. தனித்தனியாகச் செலவழித்ததையும் சேர்த்தால், இன்று இது ஒன்று பத்துக்குப் போனாலும் இறங்கின ஒவ்வொரு தடவைக்கும் ஐயாயிரம் ரூபாய் ஆகிறது. தெரியும், போட்டுப் பார்த்துவிட்டேன், போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாத மனுஷன். பிடித்த மீனையும் இதில் கழிக்கலாம் என்றால், வீட்டுக்குக் கொண்டுபோகிற அளவுக்குப் பிடித்தது பதினோரு மீன், அதில் ஒரு கொடுவாயை பிரமிளா அக்கம்பக்கத்துக்கெல்லாம் துண்டுபோட்டுக் கொடுத்தாள், கறாராகப் பார்த்தால் அது அவள் கணக்கு. அம்பத்து மூணாவது தடவை போன டிசம்பரில். அம்பத்து நாலு இல்லை. எட்டு மாசமாக இது கொட்டகைக்குள் கிடக்கிறது, எட்டு மாசமாக ஆயிரத்து இருநூறு கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஏன் போகலை என்று பிரமிளா கேட்டால் முட்டி, எட்டியப்பன் கேட்பதே இல்லை. ஏன் விக்கிறீங்க. இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் ஐந்து பதில் இருக்கிறது. முட்டி. நேரமில்லை. இடமில்லை. பெண் அமெரிக்காவில் கூப்பிடுகிறாள், எனக்குப் பெண்ணே கிடையாது, ஒரு கொளத்தூர்க்காரரிடம் அப்படித்தான் வாயில் வந்தது. பெரியது வாங்கப் போகிறேன். இப்படி ஐந்து பதில் வைத்திருக்கிறவர்களை நான் என் தொழிலில் பார்த்திருக்கிறேன், நிறுத்தி வச்ச வண்டி சார், சும்மா நின்னுட்டு இருந்துச்சு சார், அவனா வந்து மோதினான் சார், என்று முதலில் ஒன்று, நான் பேசாமல் பேனாவைத் திறந்ததும் இன்னொன்று. பதில் கூடக் கூட வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்ப்பேன். என்னை யாராவது அப்படிப் பேசாமல் பார்த்தால் இரண்டு நிமிஷம் தாங்க மாட்டேன்.

டிசம்பரில் அன்று ஒன்றும் விசேஷமான நாள் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது, புயல் இல்லை, மழை இல்லை, பனி மட்டும் கொஞ்சம், விடிந்து ஆறு மணி. கழிமுகத்தின் உள்பக்கமாகத்தான் மிதித்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற நேரம், எட்டியப்பன் பாஷையில் வத்தம். வத்தத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போகாதீங்க சார் என்று முதல் நாளிலிருந்தே சொல்வார், நானும் போகமாட்டேன், போகவுமில்லை, தூண்டிலை எறிந்துவிட்டுத் திரும்பலாம் என்று மிதித்தேன், பெடல் லேசாகச் சுற்றியது. லேசாக. சைக்கிளில் செயின் கழன்றால் கால் எப்படிப் பொசுக்கென்று கீழே போகும், அப்படி. மறுபடி மிதித்தேன், சுற்றியது, கயாக் போகவில்லை, இல்லை, போனது, நான் போகச் சொன்ன பக்கம் போகவில்லை. துடுப்பை எடுக்கலாம் என்று பின்னால் கை விட்டால் துடுப்பு இல்லை. கட்டி வைக்க வேண்டும், வாங்கின அன்றே கடைக்காரன் சின்னக் கயிறு கொடுத்தான், அந்தக் கயிறு இன்னும் பிரிக்காத கவரில் கார் டிக்கியில் கிடக்கிறது. துடுப்பு எப்போது நழுவி விழுந்ததென்றே தெரியவில்லை. கையால் தள்ளினேன். இரண்டு கையாலும். தண்ணீரைக் கையால் தள்ளுவது எவ்வளவு கேவலமான காரியம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னால் முகத்துவாரத்தில் அலை உடைகிற சத்தம் கேட்டது, பார்க்க முடியவில்லை, சத்தம் மட்டும் கிட்டே கிட்டே வந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், பொத்தான் போடவில்லை, விரலுக்குப் பொத்தான் பிடிபடவில்லை. நான் பெடலைத்தான் மிதித்துக்கொண்டே இருந்தேன், சுற்றாது என்று தெரிந்தும். எத்தனை நேரம் என்றால், பிறகு வாட்சைப் பார்த்ததில் நாற்பது நிமிஷம். அதற்கப்புறம் எட்டியப்பனின் படகு பக்கத்தில் இருந்தது, கயிறு மேலே வந்து விழுந்தது. கரையில் டீ வாங்கிக் கொடுத்தார். யார்கிட்டயும் சொல்லாதீங்க எட்டியப்பன் என்றேன். சரி சார் என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் சாகவில்லை, எதுவும் உடையவில்லை. சர்வே ரிப்போர்ட்டில் எழுதினால் அரைப் பக்கம்கூட வராது.

டிரைவைக் கழற்றிக் கேளம்பாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். உள்ளே விசிறியைப் பிடித்திருக்கிற பின் தேய்ந்து ஊசி மாதிரி மெலிந்திருந்தது. அவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் புதிதாக ஒன்று கடைந்து போட்டார். கையால் சுற்றிக் காட்டினார், ஓடும் சார், ஆனா தண்ணிக்குள்ள நான் வரல, கேரண்டி கேக்காதீங்க என்றார். அதைத்தான் சமீபத்தில் சர்வீஸ் செய்தது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறேன். பொய் இல்லை. பின் மாற்றினேன், மாற்றினது சர்வீஸ்தானே. பழுது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்து மறைத்தால்தான் குற்றம், பழுது இல்லை என்று தெரியாமல் இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம். இறக்கி ஒரு ரவுண்டு போய்வந்தால் தெரிந்துவிடும். எட்டு மாசமாக இறக்கவில்லை. இறக்காமல் இருக்கிற வரைக்கும் நல்ல கண்டிஷன். வாங்குகிறவன் நீச்சல் தெரிந்தவனாக இருப்பான், துடுப்பைக் கட்டி வைக்கிற புத்தி இருக்கும், என்னை மாதிரி ஐம்பத்தைந்து வயசு முட்டாளாக இருக்க மாட்டான், இரண்டு கையால் நாலு போடு போட்டால் கரைக்கு வந்துவிடுவான். அவ்வளவுதான் விஷயம். இதைப் போய் இவ்வளவு நேரமாக. மணி பதினொன்று. வரவில்லை என்றால் இன்னும் நல்லது, கல்யாண மண்டபக்காரரைக் கூப்பிட்டுவிடலாம், ஐஸுக்குப் பெடல் வேண்டாம்.

வந்துவிட்டாள். கொட்டகைக்கு முன்னால் மணலில் ஒரு சின்ன யானை வண்டி வந்து நிற்கிறது, பின்னால் காலி, பழைய மெத்தை ஒன்று விரித்து, கட்டுவதற்குக் கயிறெல்லாம் சுருட்டி வைத்திருக்கிறது. எடுத்துப்போகத் தயாராக வந்திருக்கிறாள், விலை கேட்டு ஓடுகிற ஆள் இல்லை. மூணு மாசத்தில் இப்படி வந்தது இவள்தான் முதல். முன் கதவு திறந்து இறங்குகிறாள், முப்பத்தைந்து இருக்கலாம், டிராக் பேண்ட், வெயிலுக்குத் தொப்பி. சாரி சார், சோழிங்கநல்லூர்ல ஒரு மணி நேரம் அப்படியே நின்னுட்டோம், நான் ஜெனோவா, போன்ல பேசினேனே, என்று வலது கையை நீட்டுகிறாள். இடது கை டிராக் பேண்ட் பாக்கெட்டுக்குள். பரவால்லம்மா என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குனிந்து கயாக்கைப் பார்க்கிறாள், இடது கை பாக்கெட்டிலிருந்து தானாக வழுக்கி வெளியே வந்து, துணி மாதிரி, முன்னால் தொங்குகிறது. அவள் அதை வலது கையால் எடுத்து, பையை ஓரமாக வைக்கிற மாதிரி, மறுபடி பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

“பைக் ஆக்சிடென்ட் சார். நாலு வருஷம் ஆச்சு. தோள்ல நரம்பு பிஞ்சுடுச்சு. காலேஜ்ல துடுப்புப் போட்டவ நான், யூனிவர்சிட்டி டீம்ல எல்லாம் இருந்தேன். இனிமே தண்ணியே இல்லன்னு நெனச்சிட்டு இருந்தேன். அப்பத்தான் இது கண்ல பட்டுச்சு, கையே வேணாம்னு.”

கையே வேண்டாம். நானும் அப்படித்தான் பிரமிளாவிடம் சொன்னேன், கை சும்மா இருக்கும் என்று. அவள் கயாக்கைச் சுற்றி வருகிறாள். அடிப்பாகத்தில் கையை வைக்கிறாள், நேராகக் குழி இருக்கிற இடத்தில், இது வெயில்ல சாஞ்சது, பரவால்ல, ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது என்கிறாள். விஷயம் தெரிந்தவள். விலையைப் பற்றிப் பேசு, சபேசா, ஒன்று பத்து, ஒன்று ஐந்துக்குக்கூட விடலாம் என்று பேசு. மெத்தை விரித்து வந்திருக்கிறாள். நீச்சல் தெரியுமா என்று கேட்கலாம், தெரியும் என்பாள், ஒரு கையோடு எவ்வளவு தூரம் தெரியும். முகத்துவாரத்துப் பக்கம் போகாதீங்க என்று மட்டும் சொல்லலாம், நானும் போகவில்லையே. நாற்பது நிமிஷம் இரண்டு கையாலும் தள்ளினேன். இரண்டு கை. இவள் ஏன் போனிலேயே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அப்போதே விற்றுவிட்டது என்று சொல்லியிருப்பேனே, காலையிலிருந்து பாலிஷ் போட்டிருக்க மாட்டேனே, இவள் மேல் கோபமாக வருகிறது. இவள் என்ன செய்தாள். சோழிங்கநல்லூரில் நின்றாள், அவ்வளவுதான். இதோ நிமிர்ந்துவிட்டாள், கேட்கப் போகிறாள்.

“ஏன் சார் குடுக்கறீங்க?”

“டிசம்பர்ல நடுத் தண்ணியில பெடல் அறுந்துபோச்சும்மா” என்று என் வாய் சொல்கிறது. “உள்ள இருக்கற பின் தேஞ்சு. வத்தத்துல இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இந்த எட்டியப்பன்தான் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாரு. அப்புறம் பின் மாத்தினேன். லேத்துல. தண்ணியில போட்டுப் பாக்கல.”

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த எட்டியப்பன் கையை நிறுத்தினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பேசாமல், நான் வண்டிக்காரர்களைப் பார்ப்பது போல.

“சர்வீஸ் பண்ணதுன்னு போட்டிருந்தீங்க.”

“போட்டிருந்தேன்.”

“மேல என்ன சார் தடவியிருக்கு? எலுமிச்சம்பழ வாசனை அடிக்குது.”

“டேஷ்போர்டு பாலிஷ்.”

அவள் சிரிக்கவில்லை. வண்டி டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் பீடியைப் பற்றவைத்து, நமக்கு வெயிட்டிங் சார்ஜ் என்கிற முகத்தோடு நின்றார். போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றினாள். “எறக்கிப் பாத்துடலாம். நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க” என்றாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். கரையோரத்தில் கழி அசையாமல் கிடந்தது, குழந்தைகூட நடக்கிற ஆழம், என் கால் வரவில்லை. முட்டி என்று சொல்ல வாய் எடுத்தேன். இத்தனை சொல்லியாகிவிட்டது, இதில் முட்டி எதற்கு. “எனக்குப் பயமா இருக்கும்மா” என்றேன். ஐம்பத்தைந்து வருஷத்தில் பெற்ற தாயைத் தவிர யாரிடமும் இப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. அவள் எட்டியப்பன் பக்கம் திரும்பினாள். “சரி, நான் போறேன். அண்ணே, நீளமா ஒரு கயிறு இருக்கா?”

எட்டியப்பன் நைலான் கயிற்றைக் கொண்டுவந்து பின்பக்கத்து வளையத்தில் கட்டினார், மறு நுனியை என் கையில் கொடுத்து, தானும் பிடித்துக்கொண்டார். லைஃப் ஜாக்கெட் பொத்தான்களை அவள் ஒரு கையாலேயே, ஒவ்வொன்றாக, பல்லால் பட்டையை இழுத்து மாட்டினாள், உதவிக்குப் போனால் கடிப்பாள் போலிருந்தது. உட்கார்ந்தாள். மிதித்தாள். கயாக் போனது. சத்தமே இல்லாமல், எண்ணெயில் வழுக்குகிற மாதிரி, முப்பது அடி, ஐம்பது அடி, என் கையிலிருந்து கயிறு ஓடுகிறது. ஓடுகிறதே, லேத்துக்காரர் கில்லாடி, அவசரப்பட்டு உளறிவிட்டேனே, ஒன்று பத்து போச்சே. இப்படி நினைத்தேன். நினைத்தது உண்மை. அவள் அங்கிருந்து வளைத்துத் திரும்பினாள், தண்ணீருக்கு எதிராக மிதித்தாள், அவளுடைய இரண்டு முட்டியும் திடீரென்று வேகமாக ஏறி இறங்கின. லேசாக. எனக்குத் தெரியும் அந்த லேசு. கயாக்கின் மூக்கு மெதுவாகக் கடல் பக்கம் திரும்பியது. நான் கயிற்றை இழுத்தேன், உள்ளங்கை எரிய எரிய, எட்டியப்பன் மெதுவா சார் மெதுவா என்று கத்த, அவள் அங்கிருந்து, “சார்! இவ்ளோ வேகமா இழுத்தா கவுந்துடும் சார்!” என்று கத்தினாள். அவள் குரலில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

கரைக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு டிரைவைத் தானே கழற்றி மணலில் போட்டாள். “இது வேணாம். இதை யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க, ஒடச்சுப் போட்டுடுங்க. கயாக் மட்டும் எடுத்துக்கறேன். டிரைவ் புதுசா வரவழைச்சுக்கறேன், எழுபது நாள் ஆனா ஆகட்டும். அம்பத்தஞ்சு தர்றேன்.”

“சரி” என்றேன்.

எட்டியப்பன் என்னை முறைத்தார். ஒரு வார்த்தை பேரம் பேசாமல் விற்கிறவனை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவள் போனில் பணம் அனுப்பினாள், டிங் என்றது. டிக்கியிலிருந்து பிரிக்காத அந்தக் கயிற்றுக் கவரை எடுத்துக் கொடுத்தேன், துடுப்பைக் கட்டி வைக்க என்றேன், அவள் தன் கையைப் பார்த்து, என்னைப் பார்த்து, “துடுப்பா?” என்றாள், பிறகு பரிதாபப்பட்டு வாங்கிக்கொண்டாள். மெத்தைமேல் மஞ்சள் கயாக்கைக் கட்டிக்கொண்டு சின்ன யானை மணலில் ஆடி ஆடிப் போய் ரோட்டில் ஏறியது.

பிரமிளாவின் போன் வந்தது. பின்னால் குக்கர் சத்தம்.

“போச்சா?”

“போச்சு. அம்பத்தஞ்சு.”

“அம்பத்தஞ்சா? ஒன்னு பத்துன்னு சொன்னீங்களே! அதுல பாதிதானே வருது. முப்பது பர்சென்ட்டுக்கு மேல இறங்கவே இறங்காதுன்னீங்க.”

“டிரைவ் போயிடுச்சு.”

“எப்போ போச்சு?”

“டிசம்பர்ல.”

“டிசம்பர்ல நீங்க எங்க ரிப்பேர்னு சொன்னீங்க? முட்டின்னுதானே...” நிறுத்தினாள். விடைத்தாளில் ஒரு வரியில் இருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தான் என்று பார்க்கிறபோது இப்படித்தான் நிறுத்துவாள். “எங்க வச்சு போச்சு?”

“தண்ணியில.”

குக்கர் விசிலடித்தது. அவள் அடுப்பை அணைக்கப் போகவில்லை. இன்னொரு விசில்.

“எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம்.”

மூன்றாவது விசில். நாலாவது. அவள் மூன்றுக்கு மேல் விடவே மாட்டாள்.

“அன்னைக்கு ராத்திரி மூணு தடவை ரசம் சோறு வாங்கிச் சாப்பிட்டீங்க” என்றாள். “நல்ல பசி போலன்னு நெனச்சேன். ஊறுகாய் கேட்டீங்க. எழுந்துபோய் எடுத்துட்டு வந்து குடுத்தேன்.” ஆமாம் என்றேன். “பக்கத்துல அந்த எட்டியப்பன் இருக்காரா? போனை அவர்கிட்ட குடுங்க.”

“பிரமிளா, அதெல்லாம் ஒண்ணும்...”

“குடுங்கங்கறேன்.”

கொடுத்தேன். எட்டியப்பன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, எழுந்து நேராக நின்றார். அவள் கேட்பது எனக்குக் கேட்கவில்லை. அவர் சொல்வதுதான் கேட்டது, விட்டு விட்டு.

“ஆமாம்மா. நாந்தாம்மா. கயிறு போட்டுத்தாம்மா இழுத்தேன்.” “இல்லம்மா, அடி ஒண்ணும் படல.” “சார் சொல்ல வேணாம்னாரு, அதான்.” அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “பனியிலயா? பனியில ஒண்ணும் தெரியாதும்மா. கண்ணுல பாத்து எங்க போனேன். சத்தம் வச்சுத்தான் போனேன். பிரமிளா பிரமிளான்னு கத்திக்கிட்டே இருந்தாருல்ல. அத வச்சுத்தான் ஆள் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுது.”

நான் மணலில் கிடந்த டிரைவை எடுத்துக் கையால் பெடலைச் சுற்றினேன். பனி ஞாபகம் இருக்கிறது. அலைச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. கத்தினது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.